பாட்டாகக் கேட்ட அமெரிக்கா: மியூசிகல் நாடகமும் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரின் கதையைப் பாட்டாகச் சொல்லும் 'ஹாமில்டன்' மேடை நாடகத்தின் ஒளிப்பதிவு 2020 ஜூலையில் ஓடிடிக்கு வந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது ஒன்றுதான்: “இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?” அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த நாடகங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. சில பதில்கள் நீண்டுவிட்டதற்கு அதுதான் காரணம்.

மியூசிகல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பேச்சு, பாட்டு, நடனம் மூன்றும் சேர்ந்து கதையை நகர்த்தும் மேடை நாடகம். ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. மியூசிகலில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், பேச்சு போதாத இடத்தில் பாட ஆரம்பிப்பார். நியூயார்க்கின் பிராட்வே வட்டாரம்தான் இதற்குத் தலைமையிடம். அங்கே நன்றாக ஓடினால் நாடகக் குழு ஊர் ஊராகப் போகும், சினிமா ஆகும், கடைசியில் பள்ளிக்கூட மேடையில் பிள்ளைகள் நடிப்பார்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் படித்தது மறந்து போகும், பதினைந்து வயதில் மேடையேறிப் பாடியது மறக்காது.

பொழுதுபோக்கு மேடைக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

வரலாற்றை வைத்து எழுதிய எந்த மியூசிகலுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. கதை நடக்கும் ஆண்டு ஒன்று, மேடையேறிய ஆண்டு இன்னொன்று. 'ஓக்லஹோமா!' கதை 1906-ல் நடக்கிறது. மேடையேறியது 1943-ல், இரண்டாம் உலகப் போரின் நடுவே. '1776' மேடையேறியது 1969-ல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது. பழைய காலத்தைப் பேசுவதுபோல் இருந்தாலும் பாதிப் பேச்சு, பார்க்க வந்தவர்களின் காலத்தைப் பற்றித்தான் இருக்கும். அப்புறம் மூன்றாவது தேதி ஒன்றும் வந்து சேரும். பல ஆண்டுகள் கழித்து யாராவது அதே நாடகத்தைத் தூசு தட்டி எடுப்பார்களே, அந்த ஆண்டு. அதே வசனம், அதே பாட்டு, ஆனால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. நான் எந்த மியூசிகலைப் பார்த்தாலும் முதலில் இந்தத் தேதிகளைத்தான் குறித்துக்கொள்வேன்.

வரலாற்றிடம் வாங்கிக்கொள்வதோடு மேடை நின்றுவிடவில்லை, திருப்பியும் கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலத்துக்கு மாநிலப் பாட்டைக் கொடுத்தது. ஓர் அதிபரின் ஆட்சிக் காலத்துக்குப் பெயரைக் கொடுத்தது. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

இந்த மேடை எங்கிருந்து தொடங்கியது?

கசப்பான இடத்திலிருந்து. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஊரெல்லாம் கூட்டம் சேர்த்தது மின்ஸ்ட்ரல் ஆட்டம். வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக ஆடிக் காட்டுவார்கள். 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற நடிகரைப் பிரபலமாக்கிய பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. பள்ளி, ரயில் என்று எல்லா இடத்திலும் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்த தென் மாநிலச் சட்டங்களுக்குப் பிற்பாடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மேடையில் சிரிக்க வைத்த பெயர், கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையை நெரித்த சட்டத்தின் பெயரானது.

இன்னொன்று 'டிக்ஸி' பாட்டு. 1859-ல் நியூயார்க்கில், ஒரு மின்ஸ்ட்ரல் குழுவுக்காக வந்த பாட்டு அது. இரண்டே ஆண்டுகளில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்ற விழாவில் ஒலித்தது. தெற்கின் தேசிய கீதம் மாதிரியே ஆகிவிட்டது. 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் முடிவில், தெற்கின் தளபதி லீ சரணடைந்த மறுநாள், வெள்ளை மாளிகை முன்னால் கூடிய கூட்டத்திடம் லிங்கன் அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னார். நல்ல மெட்டு, போரில் நாம் அதையும் கைப்பற்றிவிட்டோம் என்றார். நாலு நாளில், ஃபோர்ட்ஸ் அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார்.

இந்த மேடையைக் கறுப்பினக் கலைஞர்கள் மீட்ட கதையும் உண்டு. 1921-ல் யூபி பிளேக் இசையில், நோபல் சிஸில் பாடல்களில் 'ஷஃபிள் அலாங்' வந்தது. எழுதியவர்கள், இசையமைத்தவர், நடித்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். மாடியில் மட்டுமே உட்கார வைக்கப்பட்ட கறுப்பினப் பார்வையாளர்கள் அந்த நாடகத்தில் கீழ்த்தளத்திலும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதன் பாட்டு ஒன்றை 1948 தேர்தலில் ஹாரி ட்ரூமன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார். பாட்டிலேயே ஹாரி என்ற பெயர் இருந்தது வசதியாகப் போயிற்று.

'ஷோ போட்' பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1927 டிசம்பர் 27 இரவு. நியூயார்க் ஸீக்ஃபெல்ட் அரங்கம். ஃப்ளோரென்ஸ் ஸீக்ஃபெல்ட் தயாரிப்பு என்றாலே அழகிகளின் அணிவகுப்பும் நகைச்சுவையும்தான் என்று நினைத்து வந்தவர்கள் முன்னால் திரை உயர்கிறது. மேடையில் பஞ்சு மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளர்கள். ஜெரோம் கெர்ன் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாடல்களும் வசனமும். முந்தைய ஆண்டு வந்த எட்னா ஃபெர்பரின் நாவல்தான் மூலம்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். கதை 1880-களின் மிசிசிப்பி நதியில், ஊர் ஊராக நாடகம் போடும் கப்பலில் தொடங்குகிறது. நடிகை ஜூலியை எல்லோரும் வெள்ளைக்காரி என்றே நினைத்திருக்கிறார்கள். அவள் கலப்பினப் பெண். கணவன் ஸ்டீவ் வெள்ளையன். யாரோ போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், ஷெரிஃப் வந்துகொண்டிருக்கிறார். மிசிசிப்பியில் அந்தக் கல்யாணமே குற்றம். ஸ்டீவ் கத்தியை எடுத்து ஜூலியின் கையில் கீறி, கசியும் ரத்தத்தை வாய் வைத்து உறிஞ்சுகிறான். ஷெரிஃப் வந்ததும், தன் உடம்பிலும் கறுப்பின ரத்தம் இருக்கிறது என்று சொல்கிறான். ஒரு துளி இருந்தாலே கறுப்பினம் என்பது அந்த ஊர் விதி. அந்த விதியைக் கொண்டே விதியை மடக்குகிறான். கைது இல்லை, ஆனால் இருவரும் கப்பலை விட்டு இறங்கத்தான் வேண்டியிருக்கிறது.

அரங்கில் இருந்தவர்களுக்கு இது பழங்கதை இல்லை. 1927-ல் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இனம் மாறிக் கல்யாணம் செய்வது சட்டவிரோதம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை நீக்கியது 1967-ல். நாற்பது வருடம் முன்னதாகவே ஒரு மியூசிகல் அதைக் கேட்டுவிட்டது.

ஆனால் அதே மேடையில் குவீனி என்ற கறுப்பினச் சமையல்காரியாக நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்கார நடிகை. தொடக்கப் பாட்டின் முதல் சொல்லே கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல். 1936 சினிமாவில் அதை மாற்றினார்கள், 1946-ல் மறுபடி மேடையேறியபோது திரும்பவும் மாற்றினார்கள். அந்த ஒரு சொல் மாறி மாறி வந்ததைத் தொடர்ந்து போனாலே இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா ஓரளவு பிடிபடும். 1993-ல் கனடாவின் டொரொன்டோ பக்கம் இது மறுபடி மேடையேறியபோது கறுப்பின அமைப்புகள் எதிர்த்துப் போராடின. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் எண்ணம். நாடகத்தை நேசிப்பதற்கு அது தடையும் இல்லை.

'ஓக்லஹோமா!' மாட்டுக்காரர்கள் காதல் கதைதானே? அதில் என்ன வரலாறு?

கர்லி என்ற கௌபாய், லாரி என்ற பண்ணைப் பெண், இருவரும் சேர்வார்களா என்பதுதான் கதை. 1943 மார்ச் 31-ல் தொடங்கி 2,212 காட்சிகள் ஓடியது. போர்முனைக்குக் கப்பல் ஏறப்போகும் சிப்பாய்கள் சீருடையோடு வந்து பார்த்தார்கள். அவர்கள் முன்னால், புதிதாக ஒரு மாநிலம் பிறக்கிறது, நிலம் நமது என்று கோரஸ் பாடுகிறது. எதைக் காக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு அந்த இரவில் அது பதிலாக இருந்திருக்கும்.

ஆனால் யாருடைய நிலம்? 1830-களில் செரோக்கி உள்ளிட்ட பூர்வகுடி மக்களைத் தென்கிழக்கிலிருந்து விரட்டி, இனி இதுதான் உங்களுக்கு என்று கொடுத்த பகுதி அது. 1905-ல் பூர்வகுடித் தலைவர்கள் மஸ்கோகியில் கூடி, செக்வோயா என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு மாநிலம் கேட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் கண்டுகொள்ளவில்லை. 1907-ல் ஓக்லஹோமா மாநிலம் ஆனது. கதை நடப்பது அந்த இடைப்பட்ட நேரத்தில், அந்த மண்ணிலேயே. மேடையில் ஒரு பூர்வகுடியும் கிடையாது.

இதில் என் மனதை உறுத்துவது வேறொன்று. மியூசிகலுக்கு மூலமான 1931 நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ், கிளேர்மோர் பக்கம் பிறந்த செரோக்கி. அவருடைய கடைசிக் காட்சியில் அக்கம்பக்கத்தார் கர்லிக்கு ஆதரவாக நின்று, அமெரிக்க அரசே தங்களுக்கு அந்நிய நாடு என்கிறார்கள். தன் உடம்பெல்லாம் அமெரிக்கப் பூர்வகுடி ரத்தம் என்கிறான் ஒருவன். மியூசிகலில் அந்தப் பேச்சு இல்லை. அந்த இடத்தில் மாநிலத்தைக் கொண்டாடும் பாட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. 1953-ல் அந்தப் பாட்டையே ஓக்லஹோமா தன் மாநிலப் பாட்டாக்கிக்கொண்டது.

மூன்றாவது தேதிக்கு 2019 மறுமேடையேற்றம் நல்ல உதாரணம். ஒரு வரியும் பெரிதாக மாற்றாமல், கடைசிக் கொலையை மட்டும் வேறு மாதிரி காட்டினார்கள். மூலத்தில் ஜட் என்ற ஆள் கைகலப்பில் தன் கத்தி மேலேயே விழுந்து சாவான். இங்கே கர்லி அவனைத் துப்பாக்கியால் சுடுகிறான். கல்யாண உடையெல்லாம் ரத்தம். அந்தக் கோலத்திலேயே நின்று மாநிலப் பாட்டைப் பாடுகிறார்கள். அடுத்த ஆண்டே, ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் மஸ்கோகி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசியல்வாதிகள் இவற்றில் கைவைத்தது உண்டா?

நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது 1937 ஜூன் 16 இரவு. மார்க் பிளிட்ஸ்டைன் எழுதிய 'தி கிரேடில் வில் ராக்' எஃகு ஆலை ஊரில் தொழிற்சங்கம் உருவாகும் கதை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்கு அரசு நடத்திய ஃபெடரல் தியேட்டர் திட்டத்தில் தயாரானது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், வயது 22. எஃகு ஆலை வேலைநிறுத்தங்களால் நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பட்ஜெட் வெட்டு, புது நாடகம் எதுவும் இப்போது தொடங்கக் கூடாது என்று உத்தரவு வந்து, அரங்கைப் பூட்டிவிட்டார்கள்.

குழுவினர் வேறொரு காலி அரங்கைப் பிடித்தார்கள். வாசலில் நின்ற கூட்டம் 21 தெரு நடந்தே அங்கே போனது. நடிகர்கள் மேடையேறினால் நடிகர் சங்க விதியை மீறியதாகும். அதனால் வெறும் மேடையில் பிளிட்ஸ்டைன் தனியாகப் பியானோ முன்னால் உட்கார்ந்து, தானே எல்லாவற்றையும் பாடத் தயாராகத் தொடங்கினார். சில வரி போயிருக்கும். பார்வையாளர் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு பெண் குரல். ஆலிவ் ஸ்டாண்டன் என்ற நடிகை இருந்த இடத்திலேயே எழுந்து தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மேடையேறக் கூடாது என்றுதானே விதி? அடுத்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர் என்று இருக்கைகளுக்கு நடுவே நாடகம் முழுக்க நடந்து முடிந்தது. 1939-ல் காங்கிரஸ் அந்தத் திட்டத்துக்கே பணத்தை நிறுத்திவிட்டது.

1953-ல் இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் இருவரின் 'சவுத் பசிஃபிக்' அட்லான்டா வந்தது. இனவெறுப்பு பிறவியில் வருவதில்லை, சின்ன வயதிலேயே கவனமாகச் சொல்லித்தரப்படுகிறது என்று அதில் ஒரு பாட்டு. ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் இது மாஸ்கோ சிந்தனை என்று தடைச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். நல்ல மனசோடு ஒன்று சொன்னால் அது மாஸ்கோவிலிருந்துதான் வரவேண்டுமா என்று கேட்டார் ஹாமர்ஸ்டைன். மேடையேறும் முன்பே அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

'1776' எவ்வளவு தூரம் உண்மை?

சுதந்திரப் பிரகடனம் உருவான கதை. இசையும் பாடலும் ஷெர்மன் எட்வர்ட்ஸ், முன்னாள் வரலாற்று ஆசிரியர். சின்னச் சின்னத் தவறுகள் உண்டு. ஜெஃபர்சனின் மனைவி ஃபிலடெல்ஃபியா வந்ததாகக் காட்டுவது கற்பனை. ஜூலை 4 அன்று எல்லோரும் வரிசையாகக் கையெழுத்திடுகிறார்கள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-ல்தான்.

நாடகத்தின் மையம் பொய் சொல்லவில்லை. ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது, அதை வெட்டினார்கள். மேடையில் தென் கரோலினாவின் ரட்லெட்ஜ், வடக்கத்தியரைப் பார்த்து, வெல்லப்பாகு, ரம், அடிமைகள் என்று சுற்றும் கப்பல் வணிகத்தில் லாபம் பார்ப்பது நீங்கள்தானே என்று பாடுகிறான். அரங்கமே உறைந்துபோகும். அப்படி ஒரு பேச்சை ரட்லெட்ஜ் பேசியதற்குப் பதிவு இல்லை. ஆனால் தெற்கு ஒப்புக்கொள்ளாததால் பத்தி போனது, வடக்கிலும் சிலருக்கு உறுத்தல் இருந்தது என்று ஜெஃபர்சனே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். இப்படி, நடக்காத ஒரு காட்சி நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுவதும் உண்டு.

1970 பிப்ரவரி 22-ல் நிக்சன் முன்னால் வெள்ளை மாளிகையில் இதை நடித்தார்கள். பணக்காரப் பழமைவாதிகள் வலது பக்கமே ஆடிப் பாடும் பாட்டை எடுத்துவிடும்படி வெள்ளை மாளிகைத் தரப்பில் கேட்டார்கள். குழு மறுத்தது. 1972 சினிமாவில் அந்தப் பாட்டு காணாமல் போனது. நிக்சன் கேட்டுக்கொண்டதால் தயாரிப்பாளர் ஜாக் வார்னர் வெட்டியது அது. பின்னாளில் திரும்பச் சேர்த்தார்கள்.

கென்னடி காலத்தைக் 'கேமலாட்' என்பது ஏன்?

ஒரு மியூசிகலால்தான். 'கேமலாட்' ஆர்தர் மன்னன் கதை, அவன் கோட்டையின் பெயர்தான் அது, 1960 டிசம்பரில் மேடையேறியது. பாடலாசிரியர் ஆலன் ஜே லெர்னர், கென்னடியோடு பள்ளியில் படித்தவர். கென்னடி சுடப்பட்டு ஒரு வாரம் ஆன நிலையில், மனைவி ஜாக்குலின் லைஃப் பத்திரிகையின் தியோடர் வைட்டை அழைத்து, கணவர் இரவில் தூங்கும் முன் அந்த இசைத்தட்டைக் கேட்பார் என்று சொல்லி, கடைசிப் பாட்டின் வரிகளைச் சொன்னார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வியட்நாம், கியூபா என்று அந்த ஆட்சியில் எவ்வளவோ இருக்க, நினைவில் முதலில் வருவது ஒரு கனவுக் கோட்டை. ஒரு பாட்டின் பலம் இவ்வளவு.

சரி, 'ஹாமில்டன்' நிஜமா?

எலும்புக்கூடு நிஜம். கரீபியனில் பிறந்த அநாதைப் பையன், வாஷிங்டனின் உதவியாளர், முதல் நிதியமைச்சர், 1804 ஜூலையில் அரசியல் போட்டியாளர் ஆரன் பர்ருடன் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு இறந்தது, எல்லாம் நடந்தவை. லின்-மானுவல் மிராண்டா 2008-ல் விடுமுறைக்குப் போன இடத்தில் ரான் செர்னோ எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். அடுத்த ஆண்டே வெள்ளை மாளிகையில் ஒபாமா முன்னால் முதல் பாட்டைப் பாடிக் காட்டினார். 2015-ல் பிராட்வே.

மாற்றியவையும் உண்டு. ஹாமில்டனின் மனைவி எலைசாவின் அக்கா ஏஞ்சலிகா, தங்கைக்காகக் காதலை விட்டுக்கொடுப்பது நெஞ்சைப் பிழியும் பாட்டு. ஆனால் ஹாமில்டன் எலைசாவைக் காதலித்த 1780-ல் ஏஞ்சலிகாவுக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டு ஆகிவிட்டது. அப்பாவுக்கு மகன் இல்லை என்று அவள் பாடுவதும் தவறு, மகன்கள் இருந்தார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி அடிமைமுறை. வாஷிங்டனும் ஜெஃபர்சனும் மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள். அவர்களாகக் கறுப்பின, லத்தீன் நடிகர்கள் நடிக்கிறார்கள். இந்த நாட்டின் கதை எங்களுடையதும்தான் என்று உரிமை கேட்கும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வாழ்ந்த கறுப்பின மனிதர் ஒருவரும் கதையில் முக்கியப் பாத்திரமாக இல்லையே என்று வரலாற்றாசிரியர் லைரா மான்டெய்ரோ கேட்டார். எலைசா பிறந்த ஸ்கைலர் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஹாமில்டனே அடிமைகளை வாங்க உதவியதற்கான கணக்குக் குறிப்புகளை, ஸ்கைலர் மாளிகை அருங்காட்சியக ஆய்வாளர் 2020-ல் எடுத்துக் காட்டினார். எனக்கு இந்த நாடகம் உயிர். ஆனாலும் மான்டெய்ரோ கேட்டதற்கு அதில் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாட்டில் அது செய்ததும் உண்டு. 2015-ல் பத்து டாலர் நோட்டில் ஹாமில்டனுக்குப் பதில் ஒரு பெண்ணின் படம் வரும் என்று நிதியமைச்சகம் அறிவித்தது. 2016 ஏப்ரலில் முடிவு மாறியது, ஹாமில்டன் தப்பித்தார். நாடகம் எழுப்பிய அலைக்கு இதில் பங்கு இருந்தது என்று பலரும் சொன்னார்கள். நியூயார்க்கின் வசதி குறைந்த மாணவர்களுக்குப் பத்து டாலருக்கு டிக்கெட் கொடுத்து, மூல ஆவணங்களைப் படிக்க வைத்து, அவர்களையே பாட்டு எழுத வைத்த திட்டம் ஒன்றும் வந்தது. அதுதான் இந்த நாடகம் செய்த ஆகப் பெரிய காரியம் என்பேன். 2025 மார்ச்சில், வாஷிங்டன் நகரின் கலை அரங்கமான கென்னடி மையத்தின் நிர்வாகத்தை டிரம்ப் கையில் எடுத்ததை எதிர்த்து, அங்கே 2026-ல் நடக்கவிருந்த காட்சிகளைக் குழு விலக்கிக்கொண்டது.

கொலையையும் கலவரத்தையும் பாட்டாக்குவது தப்பில்லையா?

'பரேட்' பாருங்கள். அட்லான்டாவில் பென்சில் ஆலை மேலாளராக இருந்த யூதர் லியோ ஃபிராங்க், ஒரு சிறுமியின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, 1915-ல் சிறையிலிருந்து கடத்தப்பட்டு ஒரு கும்பலால் தூக்கிலிடப்பட்டவர். 1998 நாடகம். 2023-ல் மறுபடி பிராட்வேயில் முன்னோட்டக் காட்சி தொடங்கிய அன்று, நவநாஜிகள் அரங்க வாசலில் கூச்சல் போட்டார்கள். இந்தக் கதையைப் பாட வேண்டுமா என்ற சந்தேகம் எனக்கு அதோடு போய்விட்டது.

எதிலிருந்து தொடங்கலாம்?

முழு நாடகம் வேண்டாம், ஒரு பாட்டு போதும். 'ஷோ போட்'டில் நதியைப் பற்றி வரும் 'ஓல் மேன் ரிவர்'. 1936 சினிமாவில் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாடியதை முதலில் கேளுங்கள். வாழச் சலித்துவிட்டது, சாகவும் பயம் என்று முடியும், உழைத்துத் தேய்ந்தவனின் குரல். அப்புறம் பிற்காலக் கச்சேரிகளில் அவரே பாடியதைத் தேடிப் பிடியுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, சாகும்வரை போராடுவேன் என்று மாற்றியிருப்பார். மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது ராப்சனைச் சந்தித்த பூபேன் ஹசாரிகா, இதே பாட்டின் பாதிப்பில்தான் பிரம்மபுத்திராவை வைத்துத் தன் அசாமியப் பாட்டைப் பாடினார்.

ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950-ல் அமெரிக்க அரசு பறித்தது, திரும்பக் கிடைத்தது 1958-ல். 1960 நவம்பரில் சிட்னியில், கட்டிக்கொண்டிருந்த ஓபரா ஹவுஸில் தொழிலாளர்களுக்காகப் பாடினார். அதன் காணொளி கிடைக்கிறது. மேடை கிடையாது. ஒரு கையைக் காதருகே குவித்துக்கொண்டு அவர் பாடுகிறார், தொழிலாளர்கள் சாரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்கிறார்கள்.